லீவுக்கும் தீபாவளிக்கும் முயல் பரிசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் முயல் இருப்பது தெரிந்ததிலிருந்து அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள், பிள்ளைகளோடு படிப்பவர்களின் பெற்றோர் என்று ஆள் மாற்றி ஆள் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். முழுப்பரீட்சை முடியும் சமயத்திலும் தீபாவளி போனஸ் வரும் சமயத்திலும் போன் கூடுதலாக வரும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் வளர்ப்பது சென்னையில், அபார்ட்மென்டில். தோட்டமும் கிணற்றடியும் உள்ளவர்களுக்குச் சில விஷயங்கள் கொஞ்சம் மாறும்.

பையன் ரொம்ப நாளா முயல் கேக்கறான். தீபாவளிக்கு சர்ப்ரைஸா வாங்கிக் குடுக்கலாமா?

வாங்கிக் கொடுப்பதைப் பற்றி அப்புறம் பேசுவோம். தீபாவளிக்கு வேண்டாம், சர்ப்ரைஸாகவும் வேண்டாம். முயல் என்பது நாய், நரி, கழுகு எல்லாவற்றுக்கும் இரையாகும் பிராணி. சத்தம் கேட்டால் ஓடி ஒளிவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. தெரியாத வீடு, தெரியாத முகங்கள், ஒளிய இடமில்லாத கூண்டு, வெளியே பத்தாயிரம் வாலா. நன்றாகப் பழகிய முயலே அன்றைக்குப் பின்னங்காலைத் தரையில் தட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடும். புதுக்குட்டி பயத்தில் சாப்பிடுவதை நிறுத்தினால், அதுவே உயிருக்கு ஆபத்து. ஏன் என்று டாக்டர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சர்ப்ரைஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. முயல் வருவதற்கு முன்னால் வீட்டில் இடம், புல், அதைப் பார்க்கத் தெரிந்த டாக்டர், இந்த மூன்றும் தயாராக இருக்க வேண்டும். ரகசியமாக வாங்கி வந்தால் மூன்றும் இருக்காது. மேல்நாடுகளில் ஈஸ்டர் பண்டிகைக்கு முயல்தான் அடையாளம், அந்தச் சமயத்தில் அங்கேயும் இதே கூத்துதான். பிரிட்டனில் ஒரு பெரிய செல்லப்பிராணிக் கடைக்காரர்கள் ஈஸ்டர் வார இறுதியில் முயல் விற்பதையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விற்பவர்களே யோசிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்? ரெண்டு மூணு வருஷம்தானே?

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 12 வருடம். இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும் என்ற எண்ணம், கேரட்டும் சோறும் போட்டு வெயிலில் கூண்டு வைத்து வளர்த்த முயல்களைப் பார்த்து வந்தது.

ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு வாங்கினால், அந்தப் பிள்ளை காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் முயல் உங்கள் வீட்டில்தான் இருக்கும். யாருக்குப் பரிசு என்று எழுதிக் கொடுத்தாலும், கடைசியில் அது வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ கொடுத்த பரிசு. அவர்களை முதலில் கேளுங்கள்.

தினமும் எவ்வளவு வேலை இருக்கும்?

வேலை கஷ்டமில்லை, ஆனால் லீவே கிடையாது. காலையில் புல் மாற்றி, தண்ணீர் கழுவி ஊற்றி, ட்ரேயைச் சுத்தம் செய்து, கீரை கொடுக்க வேண்டும். மாலையில் மறுபடி புல், கீரை, இரண்டு மூன்று மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே ஓட விட வேண்டும். ஓட விட்டால் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் முழுச் சுத்தம், மாதம் ஒரு தரம் நகம், முடி உதிரும் பருவத்தில் தினமும் சீவிவிடுதல்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும். பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து விளையாடக் கூப்பிடும் நேரத்தில் அது தூக்கக் கலக்கத்தில் இருக்கும். நீங்கள் தூங்கும் ஐந்து மணிக்குக் கூண்டுக் கம்பியைக் கடித்து எழுப்பும்.

கொஞ்சறதுக்கு நல்லா இருக்கும்ல? மடியில வெச்சுக்கலாமே?

பார்ப்பதற்குப் பஞ்சு மாதிரி இருப்பதால் எல்லோரும் இதைத்தான் நினைக்கிறார்கள். பெரும்பாலான முயல்களுக்குத் தூக்குவது பிடிக்காது. இரைப் பிராணியை மேலே தூக்கினால், எதுவோ கவ்விக்கொண்டு போகிறது என்றுதான் அதன் உடம்பு நினைக்கும். உதறும், உதைக்கும். அதன் எலும்பு லேசானது, பின்னங்கால் தசையோ மிக வலுவானது. அந்தரத்தில் பலமாக உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறியலாம். பிள்ளை கை நழுவி விட்டாலும் அதே கதி. காதைப் பிடித்துத் தூக்குவதைப் பல படங்களில் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யவே கூடாது. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும், "சொக்கிப் போச்சு" என்று வீடியோ எடுப்பார்கள். அது பயத்தில் உறைந்து கிடப்பது.

கொஞ்ச வேண்டுமென்றால் தரையில் உட்காருங்கள். கையில் ஒரு கொத்துமல்லித் தண்டு, வாயில் பேச்சு இல்லாமல். முதலில் கழுத்தை நீட்டி மோப்பம் பிடித்துவிட்டு ஓடிவிடும். நாலைந்து நாள் கழித்துப் பக்கத்தில் வரும். அப்புறம் தாடையை உங்கள் முழங்காலில் தேய்க்கும். தாடைக்கடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, "இது என்னுடையது" என்று அடையாளம் வைக்கிறது. நெற்றியை நீட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்தினால் தடவச் சொல்கிறது என்று அர்த்தம். குஷி வந்தால் காற்றில் எகிறி இடுப்பை முறுக்கிக் குதிக்கும். இதற்கெல்லாம் காத்திருக்கும் பொறுமை உள்ள பிள்ளைக்கு முயல் நல்ல துணை.

அஞ்சு வயசுப் பொண்ணுக்கு ஓகேவா?

அவளுக்காக மட்டும் என்றால் வேண்டாம். வீட்டில் ஒரு பெரியவர் தனக்காகவே முயல் வளர்க்க ஆசைப்பட்டு, பாப்பா கூட இருந்து புல் போடட்டும் என்றால் சரி. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் பெரியவர் மேற்பார்வை இருந்தால்தான் செய்வார்கள். இதில் நம் பிள்ளை மட்டும் விதிவிலக்கு என்று ஒவ்வொரு பெற்றோரும் நினைப்பது சகஜம்.

ஞாயித்துக்கிழமை சந்தையில ரொம்ப சீப்பா கிடைக்குதே, அங்க வாங்கலாமா?

விலை குறைவுதான், ஆனால் முயலுக்கான செலவில் அதை வாங்கும் விலை ஒன்றுமே இல்லை. முக்கியமான சிக்கல் வயது. குட்டி கண் திறக்கவே பத்து நாள் ஆகும். எட்டு வாரமாவது தாயோடு இருந்தால்தான் அதன் வயிறு புல்லைச் செரிக்கப் பழகும். உள்ளங்கையில் அடங்குகிறதே என்று நாம் ஆசைப்படும் குட்டி, பெரும்பாலும் நாலைந்து வாரக் குட்டியாக இருக்கும். வந்த ஒரு வாரத்தில் பேதியில் போவது இந்தக் குட்டிகள்தான்.

எங்கே வாங்கினாலும் நாலு இடத்தைப் பாருங்கள். காதுக்குள் பழுப்பு நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தால் சொறிப்பூச்சி. மூக்கிலோ காது ஓரத்திலோ வெள்ளைப் பொருக்கு இருந்தாலும் அதேதான். வாலுக்கடியில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தால் வயிறு சரியில்லை. கடைசியாக முன்னங்கால்களின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சளி பிடித்த முயல் மூக்கை அங்கேதான் துடைக்கும், முடி சடை பிடித்திருக்கும். மூக்கைத் துடைத்துவிட்டு விற்பவர்கள் காலைத் துடைக்க மறந்துவிடுவார்கள்.

கடை என்றால், 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வளர்க்க முடியாமல் வேறு வீடு தேடுபவர்களிடம் வளர்ந்த முயலாக எடுப்பது எல்லாவற்றையும் விட நல்லது. அதன் குணம், அளவு, ஆணா பெண்ணா எல்லாம் தெரிந்திருக்கும்.

கடைக்காரர் "இது வளராது, இதே சைஸ்தான் இருக்கும்"னு சத்தியம் பண்றார். நிஜமா?

சின்ன ரக முயல்கள் உலகத்தில் உண்டு. ஆனால் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை, சாம்பல் குட்டிகள் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கும் இனங்களும் அவற்றின் கலப்பும்தான். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். ஆறேழு மாதத்தில் மூன்று, நாலு கிலோ வந்துவிடும். ஒரு பெரிய பூனை அளவு.

கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே முயல் பண்ணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்ததும் முயல் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். அங்கே பார்த்தது வளர்ந்த முயல்களைத்தானே, அதையே அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே அங்கே இருந்த குளிரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் பற்றிய கேள்விக்கு வேண்டும்.

ஒண்ணு தனியா ஏங்கிப் போயிடும்னு ஜோடியாத்தான் தர்றாங்க. நல்லதுதானே?

ஏங்கிப் போகும் என்பது உண்மை. முயல் கூட்டமாக வாழும் பிராணி, துணை இருந்தால் நல்லது. ஆனால் சந்தை ஜோடி என்பது கணக்கே வேறு. நாலாவது மாதத்திலேயே சினைப் பிடிக்கத் தொடங்கலாம். சினைக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு ஈற்றில் ஐந்து, ஆறு, சில சமயம் பத்து குட்டிகூட. குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகும். ஒரு பொங்கலுக்கு ஜோடி வாங்கினால் அடுத்த பொங்கலுக்குள் அபார்ட்மென்ட் முழுக்கப் பரிசு கொடுக்கலாம். இப்படித்தான் பல வீடுகளுக்கு முயல் வருகிறது.

"ரெண்டும் பொட்டை, எழுதித் தர்றேன்" என்பார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் வாதாட வேண்டாம். சின்னக் குட்டியில் ஆண் பெண் பார்ப்பது கைதேர்ந்தவர்களுக்கே தவறும். டாக்டரிடம் காட்டி உறுதி செய்யும் வரை தனித்தனியாக வைத்திருங்கள். இரண்டு ஆண்களும் வயதுக்கு வந்ததும் ரத்தம் வர அடித்துக்கொள்ளும்.

தீர்வு கருத்தடை அறுவை சிகிச்சைதான். ஆணுக்குச் செய்த பிறகும் நாலு முதல் ஆறு வாரம் வரை பெண்ணைச் சினைப்படுத்தும் சக்தி இருக்கும், அதுவரை பிரித்து வையுங்கள். பெண் முயலுக்குச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. செய்யாமல் விட்டால் நாலைந்து வயதுக்கு மேல் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

கேரட்தானே சாப்பிடும்? அது என்ன பெரிய செலவு?

கார்ட்டூன்தான் இதற்குக் காரணம். கேரட் முயலுக்கு மிட்டாய். வாரத்தில் ஓரிரு நாள் விரல் நுனி அளவு துண்டு போதும். கேரட் இலை தாராளமாகக் கொடுக்கலாம், நாம் அதைத்தான் குப்பையில் போடுகிறோம்.

அதன் சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் காய்ந்த புல். ஆடம்பரத்துக்குச் சொல்லவில்லை. முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். நார்ப்புல்லை மணிக்கணக்கில் அரைத்துக்கொண்டே இருந்தால்தான் தேயும். தேயாத கடைவாய்ப்பல் கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும், பசித்தும் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கும். குடலும் நார் இருந்தால்தான் நகரும்.

புல்லுக்கு மேலே தினமும் ஒரு பிடி கீரை: கொத்துமல்லி, புதினா, முள்ளங்கிக் கீரை. முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து அதிகம், எப்போதாவது கொடுக்கலாம். சோறு, பிரட், பிஸ்கட், இட்லி, பருப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. "எங்க வீட்டு முயல் இட்லி நல்லா சாப்பிடும்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் நிறைய பேர். நல்லாத்தான் சாப்பிடும், நாமும் குலாப் ஜாமூன் நல்லாத்தான் சாப்பிடுகிறோம்.

அந்தப் புல் எங்க கிடைக்கும்? வைக்கோல் போட்டா போதாதா?

டிமோத்தி ஹே, ஓட்ஸ் ஹே என்று ஆன்லைனிலும் பெரிய செல்லப்பிராணிக் கடைகளிலும் பாக்கெட்டாகக் கிடைக்கும். மாதாமாதம் வரும் செலவு இது. வாங்கும் விலையை விட இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நெல் வைக்கோலில் சத்து கிடையாது, கடினமாகவும் இருக்கும். கீழே விரிக்கலாம், அதையே சாப்பாடாக நம்ப முடியாது. ஊர்ப்பக்கம் இருந்தால் அறுகம்புல்லை நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். மாட்டுக்குப் போடும் கோ-4 மாதிரித் தீவனப்புல்லும் ஆகும், களைக்கொல்லி தெளிக்காததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைமசால் என்ற தீவனப்பயிர் வளரும் குட்டிகளுக்கு நல்லது. வளர்ந்த முயலுக்கு அதில் சுண்ணாம்பும் புரதமும் அதிகம். பூசணம் பிடித்த புல்லை மழைக்காலத்தில் மோந்து பார்த்தே ஒதுக்கிவிடுங்கள்.

அது தன் புழுக்கையையே தின்னுதுங்க! ஏதாவது வியாதியா?

இல்லை, அப்படித்தான் தின்ன வேண்டும். முயலுக்கு இரண்டு வகைப் புழுக்கை. பகலில் பார்ப்பது உருண்டையாக, காய்ந்தது. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று இருக்கும், இரவிலோ விடியலிலோ வரும்போதே வாயால் எடுத்து விழுங்கிவிடும். முதல் சுற்றில் உறிஞ்சாத புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. அதைத் தின்னாமல் விட்டுத் தரையில் அப்பிக்கிடந்தால்தான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் தின்பண்டம் கூடிப் புல் குறைந்திருக்கும்.

சிறுநீர் சிவப்பா போகுது, ரத்தமா?

பெரும்பாலும் இல்லை. தின்ற கீரையின் நிறமிகளைப் பொறுத்து மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் வரைக்கும் போகும். சுண்ணாம்பு கலந்தாற்போல் கலங்கலாகவும் இருக்கும், அதுவும் சகஜம். சீரான நிறமாக இல்லாமல் சிவப்புத் திட்டு திட்டாக இருந்தாலோ முக்கிக்கொண்டு உட்கார்ந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

சென்னை வெயில் தாங்குமா?

முயல் பரிசு வேண்டாம் என்று நான் சொல்லும் பாதிப் பேருக்கு இந்தக் கேள்விக்காகத்தான் சொல்கிறேன். வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பியக் குழிமுயல். வெயில் வந்தால் மண்ணுக்கடியில் குளிர்ந்த வளைக்குள் போய்ப் படுக்கும் ஜாதி. 20 டிகிரி பக்கம் சுகமாக இருக்கும். 30-ஐத் தாண்டினால் திணறும். நமக்கு வியர்க்கிற மாதிரி அதற்கு வியர்க்காது. காதில் ஓடும் ரத்தம் வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் உள்ளேயே 36. இதில் ஏப்ரல் லீவில்தான் எல்லோருக்கும் முயல் ஆசை வருகிறது.

வெயில் காலத்தில் செய்ய வேண்டியவை: வீட்டிலேயே குளிர்ந்த, காற்றோட்டமான அறை. படுக்க ஒரு கடப்பா கல்லோ தரை ஓடோ. தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். குடிக்க அகலமான, கவிழாத மண்சட்டியில் தண்ணீர். ஃபேன் காற்று மட்டும் போதாது, வியர்க்காத உடம்புக்கு ஃபேன் அவ்வளவாக உதவாது. மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். நீளமுடி அங்கோரா முயலைச் சமவெளியில் வாங்கவே வாங்காதீர்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் ஒழுகினாலோ, காது சிவந்து சுட்டாலோ, கூப்பிட்டும் அசையாமல் நீட்டிக் கிடந்தாலோ வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய்க் காதுகளைக் குளிர்ந்த தண்ணீரால் நனைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும்.

பால்கனியில ஒரு கூண்டு வெச்சா போதாதா?

மேற்குப் பார்த்த பால்கனி என்றால் மேலே சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள். அதோடு காக்கை, பூனை, எலி. கூண்டை உடைக்காவிட்டாலும், வெளியே பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலே முயலுக்குத் தூக்கமில்லை.

கடையில் விற்கும் கம்பித்தரைக் கூண்டு, புழுக்கை கீழே விழுவதற்காகச் செய்தது. முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருக்கும் மெத்தை கிடையாது, வெறும் முடிதான். கம்பியில் நின்று நின்று குதிகாலில் புண் வரும். மேலே ரப்பர் மேட்டோ கனத்த சாக்கோ விரியுங்கள். கூண்டில் மூன்று தாவலாவது தாவ முடிய வேண்டும், பின்னங்காலில் நிமிர்ந்து நின்றால் காது இடிக்கக் கூடாது. அறைக்குள் விட்டால் சார்ஜர் வயர்களைத் தூக்கிக் கட்டுங்கள். வயர் அதற்கு வேர் மாதிரி, பார்த்ததும் ஒரே கடியில் துண்டாக்கும்.

கழிவுப் பழக்கம் சுலபம். ஒரு மூலையைத் தானே தேர்ந்தெடுக்கும். அங்கே ட்ரே வைத்து, பேப்பர் விரித்து, பக்கத்திலேயே புல் வைத்தால் தின்றுகொண்டே போகும்.

நாத்தம் வருது, குளிப்பாட்டலாமா?

கூடாது. முயல் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். தண்ணீரில் முக்கினால் பயத்திலும் குளிரிலும் இறந்துபோகலாம். நாற்றம் ட்ரேயிலிருந்து வருகிறது, அதைக் கழுவுங்கள். பின்பக்கம் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்திவிடுங்கள். மழைக்காலத்தில் அப்படியே விட்டால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

உடம்பு சரியில்லேன்னா பக்கத்து நாய் டாக்டர்கிட்ட காட்டினா போதும்ல?

வாங்குவதற்கு முன்னால் போன் செய்து, "முயல் பார்ப்பீர்களா, கருத்தடை செய்வீர்களா" என்று கேளுங்கள். நாய், பூனை நன்றாகப் பார்க்கும் பலர் முயலைத் தொடுவதில்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, வெளியே நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அவசரம். "நாளைக்குக் காலையில பாக்கலாம்" என்பது முயலுக்குப் பொருந்தாது. வலியை வெளியே காட்டுவதும் அதன் குணமில்லை, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

வீட்டு வைத்தியத்தில் இரண்டு விஷயங்கள் உயிரை எடுக்கும். நாய்க்கு உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு விஷம். வீட்டில் மீந்த அமாக்ஸிசிலின் மாதிரி மாத்திரையை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து முயலும் செத்துவிடும்.

முயல் கடிச்சா ரேபிஸ் வருமா? குழந்தைக்கு அலர்ஜி?

முயலிடமிருந்து வெறிநோய் வருவது மிக மிக அரிது. கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், அவர் முடிவு செய்யட்டும். பிள்ளைகளுக்கு உண்மையில் தொற்றுவது படர்தாமரை. சொறிப்பூச்சியும் கையில் அரிப்பு உண்டாக்கும்.

ஆஸ்துமா, தும்மல் உள்ள வீட்டில் முயல் முடியோடு புல் தூசியும் சேர்ந்துகொள்ளும். முயல் இருக்கும் வீட்டுக்குப் பிள்ளையை நாலைந்து தடவை கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு தெரிந்துகொள்வது இரண்டு பேருக்கும் கஷ்டம்.

ஊர்ல வயல்ல முயல் குட்டி கிடைச்சுது, அதையே பேரனுக்குக் குடுக்கலாமேன்னு மாமனார் சொல்றார்.

அது வேறு பிராணி. நம் காட்டு முயல் வளை தோண்டாது, கூண்டில் பிழைக்காது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். தாய் இல்லாமல் தனியாகக் கிடக்கிறதே என்று பாவப்பட வேண்டாம். குட்டியைப் புல்லுக்குள் விட்டுவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவதுதான் அதன் வழக்கம். எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். மாமனார் கோபித்துக்கொண்டால் சட்டத்தின் மேல் பழியைப் போடுங்கள்.

லீவு முடிஞ்சதும் முடியலேன்னா ஏதாவது பார்க்குல விட்டுடலாமா? அங்க நிறைய புல் இருக்கே.

முடியாது. வெள்ளை முயல் பச்சைப் புல்லில் நின்றால் தெருநாய்க்கும் காக்கைக்கும் தூரத்திலிருந்தே தெரியும். பெரும்பாலும் முதல் இரவு தாண்டாது. பட்டினி கிடக்கும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பிழைத்துக்கொண்டால் இன்னும் மோசம். 1859-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டையாட வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு டஜன் முயல்களை விட்டார். அவை கண்டம் முழுக்கப் பரவி மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்தன. இன்றைக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வீட்டில் முயல் வளர்ப்பது சட்டவிரோதம், மேஜிக் செய்பவர் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம்!

வளர்க்க முடியவில்லை என்றால் தெரிந்தவர்களிடம் சொல்லி வேறு வீடு தேடுங்கள். இலவசமாக யாரோ ஒருவருக்குக் கொடுக்காதீர்கள், அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நம் ஊரில் முயல்கறிக்கும் கிராக்கி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனா என்ன பண்றது?

நாய்க்குட்டி மாதிரி பஸ்ஸில் கூட்டிப்போக முடியாது, பயணம் அதற்கு ஆகாது. புல்லையும் தண்ணீரையும் குவித்துவைத்துவிட்டு மூன்று நாள் பூட்டிப் போவதும் கூடாது, பன்னிரண்டு மணி நேரக் கணக்கு இருக்கிறதே. தினமும் இரண்டு தடவை வந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் இப்போதே சொல்லத் தெரிகிறதா?

எங்களுக்கே ஒருத்தர் முயலைப் பரிசா குடுத்துட்டுப் போயிட்டாங்க. திருப்பிக் குடுத்தா மனசு கஷ்டப்படும். இப்ப என்ன செய்ய?

முதல் வாரம் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். சத்தமில்லாத அறை, ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, புல், தண்ணீர். கொடுத்தவரிடம் இதுவரை என்ன தின்றது என்று கேட்டு அதையே தொடர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும். டாக்டரிடம் காட்டி ஆணா பெண்ணா, சொறி இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, யார் காலையில், யார் மாலையில், செலவு யார் என்று பேசுங்கள். சரிவராது என்று தெரிந்தால் கொடுத்தவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அவருக்கு ஒரு நாள் வருத்தம், முயலுக்குப் பத்து வருடப் பிரச்சினை. உறவு கெட்டுவிடும் என்று பயந்து ஆறு மாதம் பால்கனியில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

அப்ப பரிசா என்னதான் குடுக்கறது? பிள்ளை ஆசையைக் கெடுக்கச் சொல்றீங்களா?

ஆசையைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓஹையோவில் முயல் மீட்பவர்கள் 2002-இல் "உயிருள்ள முயல் வேண்டாம், சாக்லேட் முயல் கொடுங்கள்" என்று ஈஸ்டருக்கு ஒரு பிரசாரமே தொடங்கினார்கள். நமக்குப் பொம்மை முயலோ, வரைய ஒரு நோட்டோ. கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால், ஊருக்குப் போகும் ஒருவரின் முயலை லீவில் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் முயலை அப்படிப் பார்க்க வந்த பிள்ளைகளில் சிலர் மூன்றாவது நாளே ட்ரே கழுவ அம்மாவை அனுப்பினார்கள். ஒரு பெண் மட்டும் நாங்கள் ஊரிலிருந்து வந்த பிறகும் கீரைக்கட்டோடு வந்து நின்றாள். அவளுக்கு முயல் வாங்கிக் கொடுக்கலாம் என்று அவள் அம்மாவிடம் நானே சொன்னேன்.

சரி, எல்லாம் யோசிச்சாச்சு. வீட்ல எல்லாரும் சம்மதம். எப்ப வாங்கறது நல்லது?

பொங்கல் சந்தடி ஓய்ந்த பிறகு, ஜனவரிக் கடைசியில். தீபாவளி வெடி தூரத்தில் இருக்கும், வெயில் வருவதற்குள் இரண்டு மாதம் பழகக் கிடைக்கும். பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களாக இருப்பதும் நல்லதுதான், உங்கள் நிஜமான தினசரி வாழ்க்கையில் அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமைக்குள் கூண்டு, மேட், ட்ரே, ஒரு மாதத்துப் புல் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, சனிக்கிழமை காலை வெயில் ஏறும் முன் போய் அழைத்து வாருங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு, மேலே ஒரு பிடி புல். பழைய இடத்தில் தின்ற தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், அது தானாக வெளியே வரட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் முதலில் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலையில்லை, காபி போட்டுக் குடிக்கலாம்.